அழுக்கு எங்கே போகிறது?

(சின்னமனூரில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேனியிலிருந்து பேருந்தில் இவ்வூருக்கு வந்துகொண்டிருந்தேன். வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றைப் பார்த்தேன். சித்திரைத் திருவிழாவில் பல்லாயிரவர் மூழ்கியெழுந்து, ஈர உடையோடு தீச்சட்டி ஏந்திச் செல்லும் ஆறு அது. நான் பார்த்தபோது கரையோரத்தில் வெண்ணுரை ஒதுங்கிக் கிடந்தது. நெகிழிப் பைகள் நாணற் புதரிற் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஊரெல்லாம் சுத்தமாகிவிட்டது, ஆறுதான் அழுக்காகிவிட்டது" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நான் இன்று ஒரு மணிநேரம் பேசவேண்டிய பேச்சை அவர் ஒரே வரியில் பேசி முடித்துவிட்டார்.

அழுக்கைப் போக்குதல் என்கிறோம். போக்குதல் என்றால் போகச் செய்தல். போகச் செய்தோம், சரி. எங்கே போயிற்று? இந்த ஒரு வினாவை மட்டும் உங்கள்முன் வைக்கவே வந்தேன். நம் வீட்டுக்குள் வந்திருக்கும் புதிய ஏந்துகள், வசதிகள் என்று வழங்குகிறோமே அவை, நம் வேலையைக் குறைத்தனவா? குறைத்தன என்றால் யார் வேலையைக் குறைத்தன? யார் தோள்மேல் அதைக் கொண்டுபோய் ஏற்றின? நம் தூய்மையின் அளவுகோல் உயர்ந்துகொண்டே போகிறதே, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லில் இருந்த அளவு

முதலில் நம் தாய்மொழியிலிருந்து தொடங்குவோம். தமிழன் தூய்மை செய்வதற்கு வைத்திருந்த சொற்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கையை அலம்பினோம். காலைக் கழுவினோம். வாயைக் கொப்புளித்தோம். பல்லைத் துலக்கினோம். ஏனங்களை விளக்கினோம். தரையை மெழுகினோம். முற்றத்தைப் பெருக்கினோம், தெளித்தோம். துணியைத் துவைத்தோம், கும்மினோம், அலசினோம், வெளுத்தோம். அரிசியைக் களைந்தோம். தலை முழுகினோம். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கிணற்றைத் தூர்வாரினோம்.

இவை ஒரே செயலைக் குறிக்கும் பல சொற்கள் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஓர் அளவு இருக்கிறது. அலம்புதற்குச் சிறிது நீர் போதும். அலசுதற்கு ஓடும் நீர் வேண்டும். விளக்குதற்கு நீரைவிடச் சாம்பலும் புளியும் தேய்க்கும் கையுமே வேண்டும். மெழுகுதற்கு ஒரு சட்டி நீர் மிகுதி. எந்தப் பொருளுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உழைப்பு, எத்துணை நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தன.

இன்று என்ன சொல்கிறோம்? "கிளீன் பண்ணு" என்கிறோம். தரையையும் கிளீன் பண்ணுகிறோம். தட்டையும் கிளீன் பண்ணுகிறோம். கழிப்பறையையும் கிளீன் பண்ணுகிறோம். ஆற்றையும் கிளீன் பண்ணப் போகிறோம் என்கிறோம்! சொல் ஒன்றானதும் செயலும் ஒன்றாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே வழி: புட்டியைத் திற, ஊற்று, நுரை வரட்டும், நீரை விட்டு அடி. சொல் போனதனால்தான் அளவு போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் ஒருசேரப் போயின என்பது வெளிப்படை.

பழமையின் மறுபக்கம்

இவ்வளவு சொன்னதும், "பழைய காலமே பொற்காலம் என்று இவர் பாடப்போகிறார்" என்று யாரும் கருதிவிட வேண்டா. உண்மையை மறைத்துப் பேசுவது மொழித்தொண்டும் ஆகாது, இனத்தொண்டும் ஆகாது.

எங்கள் ஊரில், என் சிறுபருவத்தில், ஒரு வெளுப்புத் தொழிலாளர் இருந்தார். கழுதைமேல் பொதியேற்றி ஆற்றுத் துறைக்குப் போவார். உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி ஏற்றுவார். யார் வீட்டுத் துணி எது என்று தெரியச் சேங்கொட்டை மையால் ஓரத்தில் குறி போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் குறியும் அவர் நினைவில் இருந்தன. ஓர் ஆண்டு முழுவதும் வெளுத்ததற்கு அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். மாலையில் வீடு வீடாக வந்து சோறு வாங்கிப் போவார்.

என் பாட்டனாரைவிட அகவையில் மூத்தவர் அவர். ஏழு அகவைச் சிறுவனாகிய நான் அவரை "வாடா, போடா" என்று அழைத்தேன். ஊரில் எல்லாச் சிறுவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். அவரோ என்னைச் "சின்னய்யா" என்பார். அதைத் தவறென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்று நினைத்தாலும் நாணுகிறேன்.

நம் பழைய தூய்மை என்பது பெரும்பகுதி இவ்வாறு இன்னொருவர் முதுகின்மேல் நின்ற தூய்மை. நம் அழுக்கைத் தொட்டு நீக்கியவரையே அழுக்கானவர் என்றோம். தூய்மை வேறு, தீட்டு வேறு. தூய்மை என்பது உடலையும் உறைவிடத்தையும் பற்றியது. தீட்டு என்பது பிறப்பின்மேல் ஏற்றிய பொய். ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுத்துக் கொடுத்த புதிரை வண்ணாரைக் கண்ணாற் காண்பதும் தீட்டு என்று சொன்ன கொடுமை இதே தமிழ் மண்ணில்தான் நிகழ்ந்தது. ஆறு தூய்மையாக இருந்தது உண்மை. உள்ளம் தூய்மையாக இருக்கவில்லை என்பதும் உண்மை.

எங்கள் தெருவுக்கு முதன்முதலில் துணி துவைக்கும் பொறி வந்தபோது, அந்தப் பெரியவர் முதுமையில் இருந்தார். "உங்கள் தொழில் போய்விடுமே" என்று என் தந்தையார் இரங்கிச் சொன்னார். அவர் சொன்ன விடை இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "நல்லதாப் போச்சுங்கய்யா. என் பேரனை யாரும் இனிமே வாடா போடான்னு கூப்பிடமாட்டாங்கல்ல."

பொறியைப் பழிப்பதற்கு முன்னால் இந்த விடையை நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்குள் வந்த பொறிகள்

அடுத்து, வீட்டுக்குள் வருவோம். ஆட்டுக்கல்லின்முன் அமர்ந்து மாவாட்டிய தாய்மாரின் தோள்வலியை இங்குள்ள அம்மையார் பலரும் அறிவர். மாவரைக்கும் மின்பொறியைக் கோவையைச் சேர்ந்த ப. சபாபதி என்பார் 1955-ஆம் ஆண்டில் உருவாக்கினார். தமிழன் தமிழ்ப் பெண்ணின் தோள்வலியை நினைத்துச் செய்த கருவி அது, நாம் பெருமைப்படலாம். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு அரைக்கும் பொறியும் மாவாட்டும் பொறியும் மின்விசிறியும் விலையின்றிக் கொடுக்கத் தொடங்கியபின், குடிசைக்குள்ளும் அவை நுழைந்தன. நன்றே. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரும்பிப் போகச் சொல்பவன் அந்த அம்மியில் அரைத்தறியாதவனாகத்தான் இருப்பான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை பொறிகள் வந்தபின் நம் வீட்டுப் பெண்களுக்கு ஓய்வு வந்ததா?

இந்த வினாவை நமக்கு முன்பே அமெரிக்காவில் கேட்டார்கள். சோவன் வானெக்கு என்னும் அம்மையார் 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 1920-களில் வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசி கிழமைக்கு ஏறத்தாழ 52 மணிநேரம் வீட்டுவேலை செய்தாள் என்றும், எல்லாப் பொறிகளும் வந்துவிட்ட 1960-களில் 55 மணிநேரம் செய்தாள் என்றும் காட்டினார். பொறி கூடிற்று, வேலை குறையவில்லை! 1983-இல் உரூத்து கோவன் என்னும் வரலாற்றறிஞர், தாய்க்குக் கூடுதல் வேலை என்று பொருள்படும் தலைப்பிலேயே நூல் எழுதிக் கரணியத்தை விளக்கினார். பொறி வந்ததும், முன்பு ஆண்களும் பிள்ளைகளும் வெளியாட்களும் செய்துவந்த வேலையெல்லாம் அவள் ஒருத்தி தலையில் விழுந்தது. அதோடு, தூய்மை என்பதன் அளவுகோலும் உயர்ந்தது. கிழமைக்கொரு முறை மாற்றிய உடையை நாள்தோறும் மாற்றத் தொடங்கினார்கள். துவைப்பது எளிதாயிற்று, துவைக்க வேண்டியது பெருகிற்று.

நம் நாட்டு நிலை என்ன? இந்திய அரசு 2019-ஆம் ஆண்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 மணித்துளிகளைச் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 மணித்துளிகள். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து மணித்துளி குறைந்தது; ஆணுக்கும் ஒன்பது மணித்துளி குறைந்தது! ஏறக்குறைய ஐந்து மணிநேரம் என்பது அப்படியே நிற்கிறது.

என் தாயாரையே சான்றாகச் சொல்கிறேன். என் பாட்டியார் கிழமைக்கொரு நாள் துணிமூட்டையோடு ஆற்றுக்குப் போவார். தெருப் பெண்கள் நால்வர் ஐவர் சேர்ந்து போவார்கள். துவைப்பதும் பேசுவதும் குளிப்பதும் துணியை மணலில் உலர்த்திவிட்டு மரநிழலில் உண்பதுமாக ஒரு பகல் கழியும். உழைப்புத்தான், ஆயினும் அதில் ஒரு கூட்டு இருந்தது. என் தாயாருக்குத் துவைபொறி கிடைத்தது. அவர் நாள்தோறும் துவைத்தார். தனியாகத் துவைத்தார். ஒருமுறை தோளில் போட்ட துண்டும் அழுக்குக் கூடைக்கு வந்தது. இரவு பத்து மணிக்குப் பொறியின் ஓசையோடு அவர் உறக்கத்திற்குப் போராடியதை நான் பார்த்திருக்கிறேன். போட்டவன் நான். அந்தத் துண்டை மறுநாளும் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொறி இருக்கிறதே என்று எண்ணினேன். பொறிக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாளே என்று எண்ணவில்லை.

இந்த எண்ணத்தை நமக்கு யார் ஊட்டினார்கள்? 1959-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்குச் சர்பு என்னும் சலவைத்தூள் வந்தது. 1969-இல் குசராத்தில் நிர்மா தோன்றி, விலை குறைந்த தூளை ஏழையின் வீட்டுக்கும் கொண்டுவந்தது. தூள் வந்தது குற்றமன்று; அதனோடு ஒரு போட்டியும் வந்தது. "உங்கள் வெண்மை போதுமா?" என்று விளம்பரம் கேட்டது. அழுக்கு நீங்குவதே போதும் என்றிருந்த இடத்தில், அடுத்த வீட்டைவிட வெளுப்பாக இருக்கவேண்டும் என்பது வந்தது. அழுக்குக்கு ஓர் எல்லை உண்டு. வெண்மைக்கு எல்லையே இல்லை. எல்லை இல்லாதது வாணிகனுக்கு நல்லது. வீட்டுப் பெண்ணுக்கும் ஆற்றுக்கும் நல்லதன்று.

ஆற்றின் கணக்கு

இனி ஆற்றுக்கு வருவோம். 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிற்று. அந்த நீர்தான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பள்ளத்தாக்கின் நெடுகிலும் ஓடி, 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலுக்குப் பாய்ந்து, தேனியருகே வையையிற் கலக்கிறது. பின்பு 1959-இல் திறக்கப்பட்ட வையை அணையில் தேங்கி, மதுரை மக்களின் குடிநீராகவும் ஆகிறது. ஒரே ஆறு, உழவனுக்கு வாய்க்கால், ஊருக்குக் குடிநீர், பத்தனுக்குத் திருக்குளம். இவ்வளவும் போதாதென்று, அதே ஆற்றை நாம் சாக்கடையாகவும் ஆக்கிக்கொண்டோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. வீட்டுக்கு நால்வர் என்று கொண்டால் மூன்று இலக்கம் வீடுகளுக்கு மேல். ஒரு வீட்டில் திங்களுக்கு ஒரு கிலோ தூளும் வழலைக் கட்டியும் செலவாவதாக வைத்துக்கொள்வோம். மூன்று இலக்கம் கிலோ. அஃதாவது 300 டன். பத்து டன் ஏற்றும் சரக்குந்தானால் முப்பது வண்டி! திங்கள்தோறும் முப்பது வண்டித் தூளைப் பாலத்தின்மேல் நின்று ஆற்றில் கொட்டுவதாக ஒருவன் சொன்னால் அவனை நாம் கட்டிவைத்து உதைப்போம். நாமோ சிறுசிறு கரண்டியாக அவரவர் வீட்டு அங்கணத்தின் வழியாகக் கொட்டுகிறோம். கொட்டியதெல்லாம் ஆற்றுக்கே போகிறது என்று நான் சொல்லவில்லை. பாதி மண்ணுக்குள் போகட்டும். மண்ணும் நம்முடையதுதானே?

இந்தத் தூள் நீரில் என்ன செய்கிறது? பல தூள்களில் பாசுபேட்டு என்னும் உப்பு கலந்திருக்கும். அது பயிருக்கு உரமாவது போலவே பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகும். அவை கட்டுமீறிப் படரும். பின் அழுகும். அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத்திணறிச் சாகும். பாசுபேட்டு இல்லாத தூளாயினும் சலவைக்காரம் இருக்கும். அந்த நீர் நாள்தோறும் பாயும் தோட்டத்தில் சோடிய உப்பு ஏறி, மண் இறுகி, நீரை உள்வாங்காமற் போகும். உழவர்கள் இதைக் களர் என்பார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வட அமெரிக்காவில் ஈரி என்னும் பேரேரியை 1960-களில் செத்துப்போன ஏரி என்றே சொன்னார்கள். கரையோர ஊர்களின் கழிவும் சலவைத்தூளின் பாசுபேட்டும் அதற்குப் பெருங்கரணியம். 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்து, பாசுபேட்டைக் கட்டுப்படுத்தி, ஊர்க்கழிவைத் தூய்மையாக்கி விட்டன. ஏரி பெருமளவு மீண்டது. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்தலாம் என்பதற்கு அது சான்று. அவர்கள் துணி துவைப்பதை நிறுத்திவிடவில்லை; எதைக் கொண்டு துவைப்பது, அலசிய நீரை எங்கே விடுவது என்பதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள்.

கண்ணுக்கு மறைந்த கைகள்

கடைசியாக, பேசக் கூசும் ஒன்றைப் பேசவேண்டும். கழிப்பறையைப் பற்றி.

திறந்தவெளியில் போவது நோய்க்கு வழி. பெண்களுக்கோ அது நாள்தோறும் ஏற்பட்ட இழிவு. இருட்டுக்காகக் காத்திருக்கும் வதை. 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் வழியாகவும், அதற்கு முன்னும் வீடுதோறும் கழிப்பறை வந்தது நல்லதே. ஆனால் இங்கும் அதே வினா: எங்கே போகிறது? ஒருவர் கழித்ததைத் தள்ளப் பத்து இலிட்டர் குடிநீரைக் கொட்டுகிறோம். அது தொட்டிக்குப் போகிறது. தொட்டி நிறைந்ததும் சாக்கடைக்குப் போகிறது; அல்லது உறிஞ்சு வண்டியில் ஏறி எங்கோ ஓடைக்கரைக்குப் போகிறது. இதற்கிடையில் தரை மின்னவேண்டும், மணக்கவேண்டும் என்று அமிலத்தையும் நுண்ணுயிர்க்கொல்லியையும் நாள்தோறும் ஊற்றுகிறோம். தொட்டிக்குள் கழிவை மட்கச் செய்வதே நுண்ணுயிர்தான். அதைக் கொன்றுவிட்டால் தொட்டி விரைவில் நிறையும். நிறைந்தால் அடைக்கும். அடைத்தால் ஒரு மனிதனைக் கூப்பிடுவோம்.

மனிதனை உள்ளே இறக்கக்கூடாது என்பது சட்டம். 1993-இலேயே மலமள்ளும் தொழிலுக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 1993-க்குப் பின் சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் பத்து இலக்கம் உருபா கொடுக்கவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதை முப்பது இலக்கமாக உயர்த்திற்று. இழப்பீடு மும்மடங்காக உயர்ந்திருக்கிறது என்றால் என்ன பொருள்? சாவு இன்னும் நிற்கவில்லை என்று பொருள். அத்தகைய சாவுகள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று என்பதைத் தலைகுனிந்து சொல்கிறேன்.

2020-ஆம் ஆண்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றிற்று. நல்ல சொல், சொல்லை மதிக்கும் நாம் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் பெயர் மாறினால் கையுறை வந்துவிடுமா? நம் வீட்டிலிருந்து போகும் குப்பையில், உணவுக் கழிவும் உடைந்த கண்ணாடியும் பெண்களின் அணையாடையும் குழந்தையின் மலத்துணியும் ஒரே நெகிழிப் பையில் முடிச்சிட்டுப் போகின்றன. முன்பு பழந்துணியைத் துவைத்து உலர்த்த இடமின்றி நோயுற்ற பெண்கள் பலர். அணையாடை வந்தது அவர்களுக்கு விடுதலை. அதைத் தாளிற் பொதிந்து தனியே கொடுக்க நமக்கு ஒரு மணித்துளி ஆகாது. அந்த ஒரு மணித்துளியை நாம் மிச்சப்படுத்திக்கொள்கிறோம். எங்கோ ஒரு பெண் வெறுங்கையால் அதைப் பிரித்தெடுக்கிறாள். ஏந்து என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுதான். வேலை ஒழியவில்லை, நம் கண்ணுக்கு மறைந்தது.

அந்த வெளுப்புத் தொழிலாளரின் பேரனைப் பற்றிச் சொல்லவேண்டும். "வாடா போடா என்று யாரும் கூப்பிடமாட்டார்கள்" என்று அந்தப் பெரியவர் நம்பினாரே, அந்தப் பேரன். அவர் பள்ளியிறுதி வரை படித்தார். துணித்தேய்ப்புக் கடை வைத்தார். வீட்டுக்கு வீடு தேய்ப்புப் பெட்டி வந்துவிட்டதால் கடை ஓடவில்லை. இன்று ஓர் ஊரில் ஒப்பந்தக் கூலியாகக் குப்பை வண்டியில் நிற்கிறார். சென்ற ஆண்டு நான் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு சிறுவன் கூவினான்: "டேய், குப்பை! நில்லுடா!"

ஆட்டுக்கல் போயிற்று, அம்மி போயிற்று, வெள்ளாவி போயிற்று, சேங்கொட்டைக் குறி போயிற்று. போகவேண்டிய அது மட்டும் போகவில்லை.

என்ன செய்வது?

தோழர்களே, புலம்பிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, அளவு. உடுத்ததெல்லாம் அழுக்கன்று, அழுக்கானதே அழுக்கு. வியர்வை படியாத துணியை உலர்த்தி மறுநாள் உடுத்தலாம். தூளைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், துணி வெளுக்கும். நுரைக்கும் வெளுப்புக்கும் தொடர்பில்லை. தலைக்குச் சீயக்காயும் அரப்பும், ஏனத்திற்குச் சாம்பலும் புளியும் இயன்ற வீட்டில் இயன்ற நாளில் வரட்டும். இயலாதவரைப் பழிக்க வேண்டா.

இரண்டாவது, பங்கு. உண்டவன் தட்டை உண்டவனே கழுவட்டும். உடுத்தவன் துணியை உடுத்தவனே துவைக்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டா. ஆண்மகன் கை நனைந்தால் போதும். தன் அழுக்கைத் தானே கழுவுகிறவனுக்குத்தான் எவ்வளவு அழுக்குச் செய்யலாம் என்ற அளவு தெரியும்.

மூன்றாவது, கழிப்பறை. இடமுள்ள வீடுகளில் இரட்டைக்குழி முறை அமையுங்கள். ஒரு குழி நிறைந்ததும் மறு குழிக்கு மாற்றிவிட்டு, முதற் குழியை ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தால் கழிவு மட்கி எருவாகிவிடும். நாற்றமில்லை, மலத்தில் மனிதனை இறக்கும் தேவையும் இல்லை. குடிநீர்க் கிணற்றையொட்டி மட்டும் குழி தோண்டாதீர்கள்.

நான்காவது, குப்பை. மட்குவது ஒன்று, மட்காதது ஒன்று, பொதிந்து குறியிட்ட அணையாடை ஒன்று என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். 2019 முதல் ஒருமுறை எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடையை நிறைவேற்ற அதிகாரி வரவேண்டியதில்லை. தோளில் ஒரு துணிப்பை போதும்.

ஐந்தாவது, கேள்வி. கூடலூரிலிருந்து தேனி வரை ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: "நம் ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழும் இடம் எது? விழுமுன் அதைத் தூய்மைசெய்ய என்ன ஏற்பாடு? தூய்மைப் பணியாளர்க்குக் கையுறையும் காலணியும் பொறியும் நிலையான ஊதியமும் உண்டா?" நம் வீட்டை மட்டும் துலக்கிவிட்டுத் தெருவை மறந்தால், அது தூய்மையன்று; தன்னலம்.

ஆறாவது, சொல். நம் அலம்பலும் அலசலும் விளக்கலும் மெழுகலும் பிள்ளைகளின் வாயில் மீண்டும் வரட்டும். அதைவிடவும் இன்றியமையாத ஒரு சொல் உண்டு. நாளைக் காலையில் குப்பை வண்டி உங்கள் தெருவுக்கு வரும். அதில் நிற்பவரை உங்கள் பிள்ளை எப்படி அழைக்கிறான் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "வாங்க அண்ணா", "வாங்க அக்கா" என்று அழைக்கச் சொல்லிக் கொடுங்கள். தூய தமிழில் நாம் காக்கவேண்டிய முதற்சொல் அதுவே.

ஏழு அகவையில் நான் அந்தப் பெரியவரை அப்படி அழைத்திருக்க வேண்டும். அவர் இன்றில்லை. அவர் பேரன் இருக்கிறார். ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.